அமுக்கு, விடு, ரெண்டு, மூணு

அமுக்கு, விடு, ரெண்டு, மூணு. அமுக்கு, விடு, ரெண்டு, மூணு. பிலோமினா சிஸ்டர் சொல்லிக் குடுத்தது இவ்வளவுதான், இதுக்கு மேல ஒன்னும் யோசிக்காதீங்கன்னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க, யோசிக்காம இருக்க நான் என்ன கல்லா. பெரியாஸ்பத்திரி மூணாவது மாடி, ஜன்னலோரக் கட்டில்ல என் பெண்டாட்டி இந்திராணி மல்லாக்கக் கெடக்கா, அவ வாய்க்குள்ள ஒரு குழாய், குழாய் முனையில ஒரு ரப்பர் பை, அந்தப் பை என் ரெண்டு கைக்குள்ள. நான் அமுக்கினா அவ நெஞ்சு ஏறுது. விட்டா எறங்குது. அமுக்கலேன்னா ஏறாது, அவ்வளவுதான் விஷயம், இதுல பெரிய ரகசியம் ஒன்னும் இல்ல. மூச்சு விடற மிஷின் எட்டு இருக்காம், எட்டுலயும் ஆள் இருக்காங்களாம், ரெண்டு மணிக்குள்ள ஒன்னு காலியாகும், அதுவரைக்கும் வீட்டாளுங்க மாத்தி மாத்தி அமுக்கிட்டே இருங்கன்னாங்க. காலியாகும்னா எப்படிக் காலியாகும்னு நான் கேக்கல. கேட்டா என்ன சொல்லுவாங்க, ஒன்னு பொழைச்சு எறங்குவான், இல்லேன்னா. விடு, ரெண்டு, மூணு. மாத்தறதுக்கு எங்க வீட்ல ஆள் எங்க இருக்கு, இருக்கறது ஒரே பையன், மாறன், அவன் கோயம்புத்தூர்ல படிக்கிறான், பஸ்ல வந்துட்டிருக்கான், கரூர் தாண்டிட்டேன்பான்னு போன் பண்ணான், போனைக் காதுல வெச்சுக்கிட்டே அமுக்கினேன். மணி பதினொன்னே கால். அமுக்கறப்ப நானும் மூச்சைப் புடிச்சுக்கிறேன்னு இப்பத்தான் தெரியுது, விடறப்ப நானும் விடறேன், இதுல யாரு மூச்சு யாரு மூச்சுன்னு எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல.

நான் ஒன்னும் தெரியாதவன் இல்ல. கவர்மென்ட் ஸ்கூல்ல விலங்கியல் லேப் அட்டெண்டர், பதினெட்டு வருஷ சர்வீஸ், அடைக்கலம்ணா இல்லாம லேப் நடக்காதுன்னு காந்திமதி டீச்சர் வாயாலயே சொல்லியிருக்காங்க. வருஷா வருஷம் அதே பாடம், பின்னால நின்னு ஜாடி தொடைச்சுக்கிட்டே கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம், பரீட்சை எழுத விட்டிருந்தா நானும் பாஸ் பண்ணியிருப்பேன். மணி மாதிரி ஒரு கண்ணாடி ஜாடி இருக்கும், உள்ள ரெண்டு பலூன் தொங்கும், அடியில ரப்பர் இழுத்துக் கட்டியிருக்கும். அந்த ரப்பர் வருஷத்துக்கு ஒருவாட்டி கிழியும், சைக்கிள் ட்யூப்பை வெட்டி நான்தான் கட்டுவேன். ரப்பரைக் கீழ இழுத்தா மேல பலூன் உப்பும், புள்ளைங்க கை தட்டும். நுரையீரலுக்குன்னு சொந்தமாத் தசை கெடையாது, அது தானா ஒன்னும் பண்ணாது, சுத்தி இருக்கற நெஞ்சு விரிஞ்சு எடம் குடுக்கும், காத்து அதுபாட்டுக்கு உள்ள வரும்னு டீச்சர் சொல்லுவாங்க. எடம் குடுத்தா வரும். அப்ப நான் இங்க பண்றது என்ன. நான் எங்க எடம் குடுக்கறேன், வெளியில நின்னுக்கிட்டு உள்ள திணிக்கறேன். எல்லாம் தலைகீழா இருக்கு. இது சரிதானா சிஸ்டர்னு கேக்கலாம்னு பாத்தா அவங்க எங்கயோ ஊசி போட்டுக்கிட்டு நிக்கிறாங்க, கேட்டாலும் ஏம்பா பாடம் நடத்தறியா, அமுக்குன்னு சொல்லுவாங்க. அமுக்கு. ஒருவேளை ஒடம்புக்குத் தெரியாதோ என்னவோ, காத்து தள்ளி வந்துச்சா இழுத்து வந்துச்சான்னு அது பாக்குமா, பசிக்கிறவன் சோத்த யாரு போட்டான்னா பாக்கறான். ஆனா இவ பாப்பா. யாரு குடுத்தான்னு இந்திராணி பாப்பா. எம்மேல கோவம்னு, நான் வாங்கிட்டு வந்த பூவ ரெண்டு நாள் தலையில வெக்காம சாமி படத்துக்குப் போட்டவ.

கட்டுவிரியனா இருக்கும்னு டாக்டர் சொன்னாரு. சின்னப் பையன், மீசை கூடச் சரியா மொளைக்கல, ஆனா பாத்த ஒடனே சொல்லிட்டாரு, இமை தூக்க முடியல, முழுங்க முடியல, வயித்துவலி, இது அதுதான்னு. கணுக்கால்ல கொசு கடிச்ச மாதிரி ரெண்டு புள்ளி, சிஸ்டர் டார்ச் அடிச்சுத் தேடிக் கண்டுபுடிச்சாங்க. வலிக்கவே வலிக்காதாம் அது கடிச்சா, தூக்கத்துல கடிச்சுட்டுப் போயிடுமாம், காலையில எந்திரிக்கறப்பதான் ஒன்னொன்னாப் பூட்டிக்கிட்டே வருமாம், மொதல்ல கண்ணு, அப்புறம் தொண்டை, அப்புறம் நெஞ்சு. விஷமுறிவு மருந்து ஏத்திட்டோம், மூச்சை மட்டும் நாம பாத்துக்கிட்டா இது தானா அவுந்துடும், நாலு நாள் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம்னாரு. அவுந்துடும்னாரே, அதப் புடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன். அப்புறம் கேட்டாரு, தரையில படுத்தாங்களா. ஆமா சார்னேன். கட்டில் இல்லையா. இருக்கு சார், வெக்கை சார், ஜில்லுன்னு இருக்கும்னு தரையில படுத்துக்குவா சார். பொய்யி. நாக்கு கூசாம சொன்னேன். என்ன வெக்கை, ரெண்டு நாளா மழை. எங்களுக்குள்ள மூணு நாளாப் பேச்சு இல்ல, அதான் அவ ஹால்ல பாய விரிச்சா. வண்டி ஓட்டப் பழகறேன்னு ஸ்கூல் மைதானத்துல ஸ்கூட்டர எடுத்தா, நாப்பத்திநாலு வயசுல என்ன ஆசையோ, ரெண்டு சுத்து நல்லாத்தான் சுத்தினா, மூணாவது சுத்துல கோல் கம்பத்துல கொண்டு போய் விட்டா. நான் சிரிச்சேன். தெருவே நின்னு பாத்துக்கிட்டிருந்துச்சு, வண்டி ஓட்டுன்னா கோல் போடுறியேடின்னு வேற சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க. அதுல அவளுக்கு மொகம் சுண்டிப்போச்சு. கீழ விழுந்தவள மொதல்ல தூக்கி விட்டிருக்கலாம். அது அப்புறந்தான தோணுது.

அவ கோவம் சாதாரணக் கோவம் இல்ல. கத்த மாட்டா, அழ மாட்டா, பாத்திரத்தோட பேசுவா. ஏ சட்டி, உனக்குப் பசிச்சா நீயே போட்டுத் தின்னுக்கன்னு சட்டிகிட்ட சொல்லுவா, அது எனக்கு. அதுக்கும் மேல போனா கண்ண மூடிக்குவா. நான் எதிர்ல போனாலே கண்ண மூடிக்கிட்டுப் படுத்துக்குவா, கூப்பிட்டா அசைய மாட்டா, கல்யாணமான புதுசுல ஒருவாட்டி அரை நாள் அப்படிக் கெடந்தா. இருவத்திரண்டு வருஷமா நான் பாத்துப் பழகின கோவம், அதான் எனக்கு எமனா வந்துச்சு. காலையில ஆறு மணிக்கு வயிறு வலிக்குதுன்னு சுவத்துகிட்ட சொன்னா. எங்கிட்ட இல்ல, சுவத்துகிட்ட. நானும் ரோஷத்துல சுவத்துகிட்டயே சொன்னேன், சீரகத் தண்ணி குடிச்சாச் சரியாயிடும்னு. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா கண்ண மூடிக் கெடக்கா. சரிதான், ஆரம்பிச்சுட்டான்னு நெனச்சேன். நானே காப்பி போட்டேன், வேணும்னே டம்ளர டங்குன்னு வெச்சேன். எந்திரிக்கல. ஃபேனை நிறுத்தினேன், கொசு கடிச்சா எந்திரிப்பால்லன்னு. எந்திரிக்கல. அடைச்ச கண்ணுலேர்ந்து காதுப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணி எறங்குச்சு, அதப் பாத்தேன், நடிப்பைப் பாருன்னு நெனச்சேன், ஜெயிச்சிட்டோம்னு கூட நெனச்சேன். அப்ப சொன்னேன். இப்படியே கெட, கண்ணத் தொறக்காத, எனக்கு ஒரு நாளாவது நிம்மதியா இருக்கும். சட்டிகிட்ட சொல்லல, சுவத்துகிட்ட சொல்லல, அவ தலைமாட்டுல நின்னு அவகிட்டயே சொன்னேன். சொல்லிட்டுப் போய் ஷேவிங் பண்ணேன். ரசம் போன கண்ணாடியில தாடையத் தூக்கித் தூக்கி, மீசையோட ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னு பாத்துக்கிட்டு நின்னேன். அம்புட்டு நேரமும் அவ மூச்சுக்கு.

விடு. ரெண்டு. மூணு. எங்க விட்டேன். அமுக்கினேனா, அமுக்கலையா. டிவி மாதிரி இருக்கற பொட்டி கீச்சு கீச்சுன்னு கத்துது, நான் பதறிப் போய் ரெண்டு தடவ சேத்து அமுக்கிட்டேன், பிலோமினா சிஸ்டர் ஓடி வந்து கையப் புடிச்சாங்க. பலூன் ஊதுறீங்களா, மெதுவா, நெஞ்சு ஏறுதான்னு பாத்து அமுக்குங்க, கையப் பாக்காதீங்க, அவங்களப் பாருங்கன்னாங்க. அவளப் பாக்க முடிஞ்சா நான் ஏன் கையப் பாக்கறேன். ரஹீமா மட்டும் அந்நேரம் வரலேன்னா. பக்கத்து வீட்டு ரஹீமா, கறிவேப்பிலை ஒரு கொத்து குடுங்கக்கான்னு கேட்டுக்கிட்டே உள்ள வந்துச்சு. உங்கக்கா கோவமா இருக்காங்கம்மா, இன்னைக்கு தரிசனம் கெடையாதுன்னு நான் மூஞ்சில சோப்பு நொரையோட சிரிக்கிறேன். அது குனிஞ்சு பாத்துச்சு, கன்னத்தத் தட்டுச்சு, ஒரு விரலால இமையத் தூக்குச்சு. தூக்கின இமை வெரல எடுத்ததும் திரும்ப விழுந்துச்சு. அண்ணே, இது கோவமில்லண்ணேன்னு சொன்னிச்சு. கத்தல, மெதுவாத்தான் சொன்னிச்சு, இப்பவும் காதுல அதே மெதுவுல கேக்குது. ஆட்டோல வர்றப்ப அவ தொண்டையில கரகரன்னு ஒரு சத்தம். அமுக்கு.

இவங்களுக்கு நீங்க பேசுறதெல்லாம் கேக்கும், பேசிக்கிட்டே அமுக்குங்க, தைரியமா இருப்பாங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. கேக்குமா. கை கால் எதையும் சரியா அசைக்க முடியாது, கண்ணத் தொறக்க முடியாது, ஆனா காது நல்லாக் கேக்கும், மூளை தெளிவா இருக்கும், இந்த விஷம் தசையத்தான் கட்டும், நெனப்பத் தொடாதுன்னாங்க. சிஸ்டர் நல்ல சேதின்னு நெனச்சுச் சொன்னாங்க. அப்ப காலையிலயும் கேட்டிருக்கும். டம்ளர் சத்தம் கேட்டிருக்கும், ஃபேன் நின்னது தெரிஞ்சிருக்கும், கொசு கடிச்சது தெரிஞ்சிருக்கும், ஓட்ட முடியாமப் படுத்திருப்பா. என்னங்கன்னு கூப்பிட உள்ளுக்குள்ளயே முயற்சி பண்ணியிருப்பா, நாக்கு எந்திரிச்சிருக்காது, அந்த நேரத்துல நான் தலைமாட்டுல நின்னு. கடவுளே, கேட்டிருக்கக் கூடாது. இல்ல இல்ல, காது நல்லா இருக்கணும், மூளை நல்லா இருக்கணும், எல்லாம் நல்லா இருக்கணும், அந்த ஒரு வார்த்தை மட்டும் கேட்டிருக்கக் கூடாது. இப்படி வேண்டலாமா, இப்படி வேண்டுதல் இருக்கா. இவ பொழைக்கணும்னு அமுக்கறேனா, பொழைச்சு வந்து அந்த வார்த்தையச் சொல்லிக் காட்டிடுவாளேன்னு பயந்துக்கிட்டே அமுக்கறேனா. ரெண்டும் ஒரே கைதான், எந்த விரல் எதுக்குன்னு தெரியல. கட்ட வெரல் மரத்துப் போச்சு. பேசுங்கன்னாங்களே, பேசினேன். இந்திராணி, மாறன் வந்துட்டிருக்கான், கரூர் தாண்டிட்டான். ரஹீமாவக் கறிவேப்பிலை பறிச்சுக்கச் சொல்லிட்டேன். மழை விட்டுருச்சு. இதையா அவ கேக்கக் காத்துக்கிட்டிருக்கா. தொண்டை வரைக்கும் வருது, வாய்க்கு வர மாட்டேங்குது, காந்திமதி டீச்சர் சொல்லுவாங்களே, உணவுக் குழாய் ஒரு பக்கம் சுருங்கி ஒரு பக்கம் விரிஞ்சு கவளத்தக் கீழ தள்ளுது, தலைகீழா நின்னு தின்னாலும் வயித்துக்குத்தான் போகும்னு. வார்த்தைக்கு மட்டும் அந்த மாதிரி ஒரு தசை இல்ல.

ஒடம்பு பூரா இந்த வேலைதான நடக்குது, வெளியில தெரியாம. மண்புழு தன்னைத் தானே நெருக்கி நெருக்கித்தான் மண்ணுக்குள்ள போகுது, எலும்பு கெடையாது, கால் கெடையாது. ரத்தத்துல இருக்கற செகப்பு அணு தன்னை விடச் சின்னக் குழாய்ல கூட ஒடம்ப மடிச்சு நுழைஞ்சு போயிடுமாம், டீச்சர் சொல்றப்ப எனக்கு டவுன் பஸ் ஞாபகம் வரும். மெழுகுத் தட்டுல தவளைய வெச்சு இதயத்தக் காட்டுவாங்க, அப்பெல்லாம் தவளை வெட்டத் தடை இல்ல, அது பாட்டுக்கு அமுங்கும், விரியும். அமுங்கறப்ப ஊருக்கெல்லாம் குடுக்குது, விரியறப்பதான் தனக்குன்னு கொஞ்சம் எடுத்துக்குதுன்னு டீச்சர் சொன்னாங்க. இந்திராணி எப்ப எடுத்துக்கிட்டா. சனிக்கெழமையானா என் கால அமுக்கி விடுவா, கெண்டைக்கால்ல ஒரு எடம் இருக்கு, அங்க கட்ட வெரல வெச்சு அழுத்துனா உச்சி வரைக்கும் சொகம். அவ காலு வலிக்குமான்னு நான் ஒருநாளும் கேக்கல. போர்வை தொவைச்சா ஆளுக்கு ஒரு முனை புடிச்சுப் பிழிவோம், அவ முறுக்கற பக்கமே நானும் முறுக்குவேன், போர்வை சும்மா சுத்தும், ஒரு சொட்டு எறங்காது, லேப்ல வேல பாக்குற ஆளப் பாருன்னு தலையில அடிச்சுக்குவா. மாறன் பொறந்தப்ப வயித்தக் கிழிச்சுத்தான் எடுத்தாங்க, எடுத்ததும் மூச்சுத் திணறினான், கண்ணாடிப் பொட்டியில ரெண்டு நாள் வெச்சாங்க. வழியில நெருங்கி அமுங்கி வந்தா நெஞ்சுத் தண்ணி பிதுங்கி வெளிய போயிடும், அமுங்காம வந்த புள்ளைக்கு அது கொஞ்சம் தங்கிடும், அப்புறம் தானா சரியாயிடும்னு பல வருஷம் கழிச்சு டீச்சர் சொன்னாங்க. நான் வீட்டுக்கு வந்து அதப் பெருமையா இவகிட்ட சொன்னேன். அதுக்கு இவ கேட்டா, அப்ப அவன் திணறினது எங்குத்தம்னு உங்கம்மா சொன்னாங்களே, அன்னைக்கு நீங்க ஏன் வாயத் தொறக்கலைன்னு. எனக்கு அன்னைக்குத் தெரியாதேன்னேன். தெரிஞ்சாத்தான் பேசணுமான்னா. விடு. ரெண்டு. மூணுக்கு அப்புறம் என்ன, மூணுக்கு அப்புறம் அமுக்கு.

மணி பன்னெண்டே முக்காலுக்கு டாக்டர் வந்தாரு. அவ கைக்குள்ள தன் ரெண்டு வெரல வெச்சாரு, குனிஞ்சாரு. அம்மா, நான் பேசுறது கேட்டா என் வெரல அமுக்குங்கன்னாரு. நான் மூச்ச விட மறந்துட்டேன், கை மட்டும் அதுபாட்டுக்கு வேல செய்யுது. அவ வெரல் மடங்குச்சு. நான் பாத்தேன், என் கண்ணால பாத்தேன், கொஞ்சந்தான், சுண்டு வெரலும் அதுக்கடுத்த வெரலும் உள்ள மடங்கி டாக்டர் வெரலத் தொட்டுச்சு. நல்லா இருக்காங்க, எல்லாம் கேக்குது, நீங்க வந்து கைய வைங்க, உங்க கைன்னா இன்னும் தெம்பா அமுக்குவாங்கன்னாரு. பிலோமினா சிஸ்டர் எங்கிட்டேர்ந்து பைய வாங்கிக்கிட்டாங்க. என் வெரல் நீட்ட வரல, அமுக்கின வாக்குல வளைஞ்சே நின்னுடுச்சு, அப்படியே கொண்டு போய் அவ கைக்குள்ள வெச்சேன். இந்திராணி, நாந்தான், அமுக்குன்னேன். ஒன்னும் இல்ல. நாந்தான்டி, அமுக்குன்னேன். கை ஈரத்துணி மாதிரிக் கெடந்துச்சு. டாக்டர் வாட்சப் பாத்தாரு, பரவால்ல, களைப்பா இருக்கும், அப்புறம் பாக்கலாம்னாரு. சிஸ்டர் என்னையப் பாக்காம ஜன்னலப் பாத்தாங்க. களைப்பா. டாக்டருக்கு அமுக்கின கை எனக்கு அதுக்குள்ள களைச்சுப் போச்சா. இல்ல நெஜமாவே விஷம் வெரலுக்கும் ஏறிடுச்சா, கடைசியா மிச்சம் இருந்தது அந்த ரெண்டு வெரல்தானா. காலையில வெசத்தக் கோவம்னு நெனச்சேன். இப்ப கோவம்னு நெனைக்கவா, வெசம்னு நெனைக்கவா. ஒருத்தன் ஒரே நாள்ல எத்தன தடவ தப்புப் பண்ணுவான். வெசமா இருக்கக் கூடாது, கோவமா இருக்கட்டும், எல்லாத்தையும் கேட்டிருக்கட்டும், ஒரு வார்த்தை விடாமக் கேட்டிருக்கட்டும்னு அப்ப வேண்டிக்கிட்டேன். 

டாக்டர் நகரப் போனாரு. இருங்க சார்னு சொல்லிட்டு அவ காதுகிட்டக் குனிஞ்சேன், குழாயக் கட்டியிருந்த பிளாஸ்திரி என் கன்னத்துல ஒட்டுச்சு, மருந்து வாசனைக்கு அடியில அவ தலையெண்ணெய் வாசனை.

"காலையில சொன்னதக் கேட்டியா? எம்மேல கோவமா இருந்தா அமுக்கு."

பை ஒரு தடவ அமுங்குச்சு, சிஸ்டர் கையில. அவ நெஞ்சு ஏறி எறங்குச்சு. அப்புறம் என் வெரல்ல நகம் பட்டுச்சு. அமுக்கினா. விட்டா. நான் கைய எடுக்கப் போறதுக்குள்ள மறுபடியும் அமுக்கினா, இந்தத் தடவ நாலு வெரலும், வலிக்கவே செஞ்சுச்சு. டாக்டர் திரும்பிப் பாத்துட்டு, பாருங்க, நல்ல முன்னேற்றம், என்ன கேட்டீங்கன்னாரு. நான் தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டே பைய வாங்கறதுக்கு எடது கைய நீட்டினேன், வலது கைய அவ இன்னும் விடல.